வடக்குச் சுவரில் ஓதம்: ஒரு யார்க்ஷயர் கல்வீட்டோடு ஆறு வருஷம்

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நவம்பரிலேயே சமையலறையின் வடக்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் தொட்டால் அப்பளம் போல நொறுங்கி உதிர்ந்தது. அடியில் பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு பூத்திருந்தது. காலையில் அடுப்படிக்கு வந்தால் பாழுங்கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த வாசனை. இருந்த சேமிப்பு முழுக்கப் போட்டு, மேலே கடனும் வாங்கி வாங்கிய வீடு. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேற்கு யார்க்ஷயரில், ஹாலிஃபாக்ஸ் நகருக்கு மேற்கே, கால்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேட்டில் இருக்கிறது வீடு. பழைய பண்ணைவீடு. வாசல் நிலைக்கு மேலே கல்லில் 1668 என்று செதுக்கி, மூன்று எழுத்துகளை முக்கோணமாக வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே இரண்டு பக்கமும் கணவன் மனைவி பெயர்களின் முதலெழுத்து. வீட்டை ஒட்டியே களஞ்சியம். இந்தப் பக்கத்துப் பேச்சில் அது 'லேய்த்'. அதற்குள் இருக்கும் மாட்டுத்தொழுவம் 'மிஸ்டல்'. லீட்ஸ், பிராட்ஃபோர்டு பக்கம் இருக்கும் நம் ஆட்கள் சிலர் இப்போது இந்த மாதிரி வீடுகளைப் பார்க்கப் போகிறார்கள். போனில் கேட்கிறவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலில் கல்லைப் பற்றி. இங்கே மண்ணுக்கு அடியில் இருப்பது 'மில்ஸ்டோன் கிரிட்' என்ற கரடுமுரடான மணற்கல். மாவு அரைக்கும் எந்திரக்கல் இதில்தான் கொத்தினார்கள், பெயரும் அதனால்தான். நாள்காட்டிப் படங்களில் வரும் இங்கிலாந்துக் கல்வீடுகள் தேன் நிறத்தில் இருக்கும். அவை தெற்கே காட்ஸ்வோல்ட்ஸ் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வீடுகள். எங்கள் வீடு கறுப்பு. நூறு வருஷத்துக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் மில் புகைபோக்கிகள் கக்கிய கரி அது. சுண்ணாம்புக்கல்லில் மழை படும் இடத்தை மழையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கழுவிவிடும். மணற்கல் அப்படிக் கரையாது, கரியை இறுகப் பிடித்துக்கொள்ளும். வந்த புதிதில் மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்துவிடலாமா என்று நாங்களும் யோசித்தோம். செய்யவே கூடாது. கல்லின் மேல்தோல் போய்விடும், உளி பட்ட தடங்கள் போய்விடும், மழை முன்னைவிட அதிகமாக உள்ளே இறங்கும். இன்றைக்கு அந்தக் கறுப்பு எனக்குப் பிடித்துவிட்டது. மழை பெய்து ஓய்ந்ததும் வெயில் சாய்வாக விழும்போது அதில் ஒரு பச்சைப் பளபளப்பு வரும்.

சரி, ஓதத்துக்கு வருகிறேன்.

ஓதம் போக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு ஊசி வைத்த மீட்டரைச் சுவரில் குத்தினார், முள் கடைசிவரை போனது. தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றி, உள்பக்கம் தண்ணீர் புகாத சிமெண்டுப் பூச்சு பூசவேண்டும், 4,200 பவுண்டு ஆகும் என்றார். நாங்கள் முன்பணம் கட்டவே இருந்தோம். பக்கத்துப் பண்ணைக்காரர்தான், "அதுக்கு முன்னாடி கல் வேலை தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட காட்டுங்க" என்று ஒரு கொத்தனாரை அனுப்பினார். அறுபது தாண்டியவர். தலைமுறையாகக் கல் கொத்துகிற குடும்பம். யார்க்ஷயர் வழக்கப்படி எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்.

அவர் சமையலறைக்குள் வரவே இல்லை. நேராக வீட்டைச் சுற்றி வெளியே நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. "மழை பெய்யும்போதுதான் வீட்டைப் பார்க்கணும் லவ்" என்றார். நாங்கள் குடையோடு அவர் பின்னால் போனோம். கால்மணி நேரத்தில் மூன்று விஷயங்களைக் காட்டினார்.

ஒன்று, தாழ்வாரத்தில் மழைநீரை ஏந்தும் கட்டர். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அது மரத்தில் இருக்கும், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் முளைகள்மேல் உட்கார்ந்திருக்கும். அதில் ஓர் இணைப்பு வாயைப் பிளந்திருந்தது. அதன் வழியாக நூல்போல ஒழுகிய தண்ணீர் சுவரிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு, பின்கட்டுத் தரை. வீட்டின் முதுகு மலைச்சரிவைப் பார்த்தபடி இருக்கிறது. முந்நூறு வருஷத்துச் சாணி, சாம்பல், கல்தூள் எல்லாம் சேர்ந்து மேடாகி, அதற்கு மேலே முன்பு இருந்தவர்கள் தாரும் போட்டிருந்தார்கள். வெளியே தரை, உள்ளே சமையலறைத் தரையைவிட 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. மூன்று, கற்களுக்கு நடுவே அடைத்திருந்த சிமெண்டு.

இந்த மூன்றாவதைப் புரிந்துகொள்ளச் சுவர் எப்படிக் கட்டியிருக்கிறது என்று தெரியவேண்டும். எங்கள் சுவர் 60 சென்டிமீட்டர் கனம். ஜன்னல் மாடத்தில் என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிப்பாள், அவ்வளவு அகலம். ஆனால் அந்தக் கனம் முழுக்கக் கல் கிடையாது. வெளிப்பக்கம் ஒரு சுவர், உள்பக்கம் ஒரு சுவர், இரண்டுக்கும் நடுவே சில்லுக்கல், மண், சுண்ணாம்பு எல்லாம் கொட்டி நிரப்பிய பொக்கை. இரண்டு பக்கத்தையும் கோத்துப் பிடிக்க அங்கங்கே குறுக்கே நீளக்கல் போட்டிருப்பார்கள். அதை 'த்ரூ' என்கிறார்கள். மழை பெய்தால் வெளிப்பக்கம் நனையும். அந்த ஈரம் கல்லுக்குள் அதிகம் போகாது, இடையில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் போகும். காற்றும் வெயிலும் பட்டதும் அதே சாந்து வழியாகவே வெளியே வந்து காய்ந்துவிடும். நனைவதும் காய்வதுமாக முந்நூற்றைம்பது வருஷம் போயிருக்கிறது. சிமெண்டு வைத்து அடைத்தபோது காய்கிற வழி மூடிக்கொண்டது. அதேசமயம் சிமெண்டு இறுகும்போது ஓரங்களில் மயிரிழை வெடிப்பு விடும். மழை அதன் வழியாக உள்ளே போகும், திரும்ப வராது. ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிரில் அந்த ஈரம் உறைந்து விரிந்து கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். எங்கள் சுவரில் பல இடங்களில் சிமெண்டு விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்க, கல் இரண்டு விரல்கடை உள்வாங்கியிருந்தது.

சிமெண்டுக்குப் போர்ட்லாண்ட் என்று பெயரிட்டு 1824-ல் காப்புரிமை வாங்கிய ஜோசஃப் ஆஸ்ப்டின் லீட்ஸ்காரர். இங்கிருந்து முக்கால் மணி நேரத் தூரம்.

மீட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி அளப்பது மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை. மரத்துக்கென்று செய்த கருவி அது. பழைய சுவரில் உப்பு இருந்தாலே முள் ஏறிவிடும். ரசாயனம் ஏற்றும் முறையும் நடுவில் பொக்கை இருக்கும் சுவருக்குச் சரிப்படாது. ஊற்றியது எந்த இடுக்கில் போய்த் தங்கும் என்று யாருக்கும் தெரியாது. யாராவது மீட்டரைக் குத்திவிட்டுத் தொகை சொன்னால், உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கட்டடங்களில் பழகிய சர்வேயரிடம், எதையும் விற்காத ஒருவரிடம், தனியாகப் பணம் கொடுத்துக் கேளுங்கள். வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877-ல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று லண்டனில் இருக்கிறது. 'ஸ்பாப்' என்று சொல்வார்கள். அவர்கள் தொலைபேசியில் ஆலோசனை சொல்கிறார்கள், கட்டணம் கிடையாது. எனக்கு இது முதல் வாரமே தெரிந்திருந்தால் நிறைய ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கட்டர் இணைப்பைச் சரிசெய்து உள்ளே ஈயத்தகடு போட 180 பவுண்டுதான் ஆனது. ஓதத்தில் பாதி அதோடு நின்றது என்று நினைக்கிறேன்.

பின்கட்டு மண்ணை எடுப்பதுதான் பயந்து பயந்து செய்த வேலை. இந்த வீடுகளுக்கு இப்போது நாம் போடுவது போன்ற அஸ்திவாரம் கிடையாது. கொத்தனார் முதலில் ஒரே ஓர் இடத்தில் சின்னதாகக் குழி தோண்டிப் பார்த்தார். சுவருக்கு அடியில் களிமண்மேல் பெரிய பெரிய பாறைக்கற்களை உருட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதுவும் அதிக ஆழமில்லை. சுவரை ஒட்டி எந்திரத்தை விட்டுக் கால்வாய் வெட்டியிருந்தால் அந்தக் கற்களுக்கு அடியில் மண் சரிந்திருக்கும். அதனால் ஒரு மீட்டர், ஒரு மீட்டராகக் கையால் மண்ணை எடுத்தோம். உள்தரையைவிட 15 சென்டிமீட்டர் தாழ்வாக வெளித்தரை வரும்வரை மட்டும்தான். ஜல்லி போட்டு ஓட்டைக்குழாய் பதிக்கும் வடிகாலைச் சுவரிலிருந்து தள்ளியே வெட்டினோம். சரிவிலிருந்து இறங்கும் ஊற்றுத்தண்ணீர் இப்போது அந்த வழியில் போய் மாட்டுத்தொட்டியில் விழுகிறது. பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆடுகள் குடிக்கின்றன.

சுண்ணாம்பு வேலை தொடங்கிய வருஷம் அப்பா ஊரிலிருந்து மூன்று மாதம் வந்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு காரை வீடு. கொத்தனார் முற்றத்தில் வைத்திருந்த வாளியைத் திறந்தார். மேலே தெளிந்த தண்ணீர், அடியில் வெண்ணெய் போலச் சுண்ணாம்பு. அப்பா குனிந்து மோந்து பார்த்தார். "நீத்தின சுண்ணாம்பு. எத்தனை நாள் ஊறினது?" என்று என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். "நாலு மாசம்" என்றார் அவர். "நல்லா இருக்கு, இன்னும் ஊறினா இன்னும் நல்லா இருக்கும்னு சொல்லு" என்றார் அப்பா. கொத்தனார் நிமிர்ந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கம் கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள் என்று அப்பா சொல்ல, இங்கே உள்பூச்சுக்கு மாட்டு ரோமமோ ஆட்டு ரோமமோ சேர்ப்போம் என்று அவர் ஒரு பிடி எடுத்துக் காட்டினார். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனால் கரண்டியால் சாந்தைத் தட்டிப் பதம் பார்க்கிற விதம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்தது.

வெளிச்சுவருக்கு அந்த வாளிச் சுண்ணாம்பு போதாது என்றார் கொத்தனார். மேட்டில் இருக்கிறோம், சாரல் நேராக அடிக்கும். அதனால் தண்ணீரிலேயே இறுகும் சுண்ணாம்புப் பொடி வாங்கினோம். நடுத்தர வலிமை, மூட்டையில் 3.5 என்று போட்டிருக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல். பூச்சுக்குப் போடும் மாவு மணல் வேண்டாம், கையில் நறநறவென்று உறுத்துகிற, பொடியும் பருமனும் கலந்த மணல் வேண்டும்.

கற்களுக்கு நடுவே சாந்து அடைப்பதை, 'பாயிண்டிங்' என்பார்கள், நானும் கற்றுக்கொண்டேன். பழைய சிமெண்டை எந்திர அரத்தால் அறுத்தால் கல்லும் அறுபடும். சுத்தியலும் ஒல்லியான உளியும்தான். இடைவெளி எவ்வளவு அகலமோ அதைப்போல இரண்டு மடங்கு ஆழத்துக்காவது தோண்டவேண்டும். தூசியை ஊதிவிட்டுச் சுவரை நன்றாக நனைக்கவேண்டும், ஆனால் தண்ணீர் வழியக் கூடாது. சாந்தை உள்ளே நெருக்கி நெருக்கி அழுத்தவேண்டும். பெரிய பொந்தாக இருந்தால் அதே கல்லின் சில்லைச் செருகவேண்டும். கல் முகத்துக்கு மேலே சாந்து வரவே கூடாது. பிறகு காத்திருக்கவேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் பதியாமல், நகத்தால் கீறினால் கோடு விழுகிற பதம் வந்ததும் முரட்டு பிரஷ்ஷால் தட்டவேண்டும். தேய்க்காமல் தட்டவேண்டும். அப்போது மேலே படிந்த பால் போய் மணல் பருக்கை பருக்கையாகத் தெரியும், சாந்தும் இறுகும். அதன்மேல் ஈரச் சணல் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது காயாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஒரு மூலை மட்டும் மீதி இருந்தது. அக்டோபர் கடைசி, வெயில் நன்றாக அடிக்கிறது என்று நானே ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முடித்தேன். மூன்றாம் நாள் ராத்திரி உறைபனி விழுந்தது. ஜனவரியில் அந்த மூலைச் சாந்து முழுக்க மாவாக உதிர்ந்துவிட்டது. ராத்திரி வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகக்கூடிய நாளில் சுண்ணாம்பைத் தொடக்கூடாது. இந்தப் பக்கம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரைதான் அதற்குக் காலம்.

உள்பக்கம் ஜிப்சம் போர்டையும் பிளாஸ்டிக் பெயிண்டையும் உரித்தபோது நடந்ததுதான் இந்த வீட்டைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது. சமையலறைக்கும் நடைக்கும் நடுவே ஒரு தடுப்பு. சமையலறை என்று நாங்கள் சொல்வது ஒரு காலத்தில் வீட்டின் மையம், 'ஹவுஸ்பாடி' என்பார்கள். கணப்பு அங்கேதான், சாப்பாடு அங்கேதான், எல்லோரும் கூடியதும் அங்கேதான். அந்தத் தடுப்பின் போர்டைக் கணவர் பெயர்த்தபோது உள்ளே ஒரு மரத்தூண் நின்றது. ஓக். கறுத்து, இரும்பு போலக் கெட்டிப்பட்டு, என் இரண்டு கையையும் சேர்த்து அணைக்கிற பருமன். அதில் ஒரு சாண் உயரத்துக்கு நீளவாட்டில் துளை வெட்டியிருந்தது. எதிலும் கோக்காத வெறும் துளை. பக்கத்தில் முளை அடிக்கிற ஓட்டை, அதில் உடைந்த மரமுளை இன்னமும் இருந்தது. தச்சர் கீறிய அடையாளமாக நான்கு நேர்க்கோடுகள். எந்தக் கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் மரமுனை, எந்தத் துளைக்கு என்று தெரிய, கீழே வைத்துச் செதுக்கும்போதே ரோமன் எண் போட்டுக்கொள்வார்கள்; மேலே தூக்கிப் பூட்டும்போது எண்ணைப் பார்த்துச் சேர்ப்பார்கள். இது நாலாம் எண்.

சுவர் கல் என்றால் உள்ளே இந்தத் தூண் எதற்கு? ஹாலிஃபாக்ஸ் பக்கத்துப் பழைய வீடுகளில் பல, முதலில் முழுக்க மரச்சட்டத்தில் கட்டியவை. பதினேழாம் நூற்றாண்டில் கம்பளித்துணி வியாபாரத்தில் கையில் காசு புரண்டபோது, மரச் சுவர்களை எடுத்துவிட்டு வெளியே கல்லைச் சுற்றிக் கட்டினார்கள். உள்ளே தூணும் உத்திரமும் அப்படியே இருந்தன. எங்கள் வாசலில் இருக்கும் 1668 அந்தக் கல் சட்டை போட்ட வருஷமாக இருக்கலாம், வீடு பிறந்த வருஷமாக இருக்க வேண்டியதில்லை. தேதிக்கல்லை நம்பி விலை பேசாதீர்கள். கல்யாணத்தைக் குறிக்கவும் வைப்பார்கள், வாசல் மண்டபம் கட்டியதைக் குறிக்கவும் வைப்பார்கள், வேறெங்கோ இடிந்த வீட்டிலிருந்து எடுத்துவந்தும் வைப்பார்கள்.

தூணின் வயதைக் கண்டுபிடிக்க மரவளையங்களை எண்ணும் நிபுணர் ஒருவரை அழைத்தோம். பென்சில் கனத்துக்குத் துளைத்து எடுத்துப் பார்த்தார். 46 வளையம்தான் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அது போதாது, பட்டையை ஒட்டிய வெளிமரமும் செதுக்கிவிட்டிருந்தார்கள். வருஷம் கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். சாயங்காலம் கூட்டிப் பெருக்கும்போது அந்தத் துளைக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். உள்ளே உளி போன சாய்வு விரலுக்குத் தெரியும்.

தூண் தெரிந்த அன்றைக்கே வேலையை நிறுத்தி நகரசபையின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் செய்தோம். காரணம், எங்கள் வீடு லிஸ்டட் கட்டடம். இங்கிலாந்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 'கிரேடு டூ' என்ற தரத்தில் வரும், எங்களுடையதும் அதுதான். பட்டியல் என்றால் வெளிமுகப்புக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் மாடிப்படி, கதவு, பூச்சு எல்லாமே அதில் சேரும். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வளாகத்துக்குள் இருக்கும் மதிலும் தொழுவமும்கூடச் சேரும். 1990 சட்டப்படி, கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்றம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, பொறுமைதான் வேண்டும். இன்னொன்று, முன்பு இருந்தவர் அனுமதியில்லாமல் செய்ததைத் திருத்தச் சொல்லி இப்போதைய சொந்தக்காரருக்கு நோட்டீஸ் வரலாம். அதற்குக் காலவரம்பு இல்லை. மாடியில் பின்பக்கம் இருந்த பிளாஸ்டிக் ஜன்னல் அப்படி எங்கள் தலையில் விழுந்தது. வாங்கும்போது எங்கள் வழக்கறிஞர் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. நீங்கள் வாங்குவதற்கு முன் பட்டியல் விவரத்தையும் பழைய அனுமதிக் கடிதங்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகாரியைப் பகையாளியாக நினைக்காதீர்கள். எங்களுக்கு வந்தவர் தூணின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, மற்ற அடையாளங்களைத் தேடக் கற்றுக்கொடுத்தார்.

அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் என் மகள் கணப்புக்கு மேலே உள்ள உத்திரத்தில் பூவைக் கண்டுபிடித்தாள். கவராயத்தால் கீறிய வட்டம், உள்ளே ஆறு இதழ். "அம்மா, கோலம்!" என்று கத்தினாள். கெட்டது எதுவும் புகைபோக்கி வழியாக வீட்டுக்குள் வராமல் இருக்கக் கீறியது என்று சொல்கிறார்கள். பக்கத்திலேயே கண்ணீர்த்துளி வடிவத்தில் நான்கு கருகல்கள். அவையும் தவறிப்போய்ச் சுட்டவை இல்லை, தீபத்தைச் சாய்த்து நிதானமாகப் பிடித்துச் சுட்டவை.

அப்புறம் ஜன்னல்கள். தெற்குமுகத்தில் மாடியில் ஒரே வரிசையாக ஆறு பலகணி, நடுவே கல் தண்டுகள். அந்தத் தண்டுக்கு 'மல்லியன்' என்று பெயர். பண்ணைவீட்டு மாடிக்கு இவ்வளவு வெளிச்சம் எதற்கு என்றால், தறிக்கு. இந்த மேட்டு நிலத்தில் ஓட்ஸும் நாலைந்து மாடும் வைத்து மட்டும் பிழைக்க முடியாது. உழுதவர்களே நெய்தார்கள். நெய்த கம்பளித்துணியைக் குதிரைமேல் ஏற்றி ஹாலிஃபாக்ஸ் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். அந்த விற்பனைக்கென்றே 315 அறைகளோடு 1779-ல் திறந்த பீஸ் ஹால் இன்றும் நகர் நடுவில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு இந்த மேட்டு வீடுகளைப் பார்த்தால்தான் இரண்டும் ஒரே நூலில் கோத்தது என்று புரியும். களஞ்சியப் பக்கச் சுவரில் மாடி உயரத்தில் படியே இல்லாத ஒரு கதவு இருக்கிறது. கம்பளி மூட்டையை மேலே வாங்கிக்கொள்ளும் கதவு.

அந்த ஆறில் இரண்டு அடைபட்டிருக்கிறது. விற்பனைத் தாளில் 'ஜன்னல் வரிக்காக அடைத்தது' என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். ஜன்னல் வரி நிஜம்தான், 1696 முதல் 1851 வரை இருந்தது. ஆனால் எங்கள் கொத்தனார் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, அடைத்த கல்லில் எந்திர ரம்பம் போன வரி இருக்கிறது, உள்ளே சிமெண்டு, இது வரியெல்லாம் போய் வெகுநாள் கழித்து அடைத்தது என்றார். தறி மில்லுக்குப் போனபிறகு மாடி படுக்கையறை ஆனது. கட்டில் போட ஒரு சுவர் வேண்டியிருந்திருக்கும். கேட்ட கதையைவிட இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு ஓடும். சுவர் வரிசைகள் ஒன்றோடொன்று கோக்காமல் அங்கே நின்றுவிடும். வீட்டின் மூலைக்கற்கள் அந்தக் கோட்டோடு முடியும். அப்படியென்றால் வீடு முதலில், களஞ்சியம் பிற்பாடு. எந்தப் பழைய கல்கட்டடத்துக்குப் போனாலும் இந்த நேர்க்கோட்டைத் தேடுங்கள், எதற்குப் பின் எது கட்டினார்கள் என்று அதுவே சொல்லிவிடும். சிலர் அதை விரிசல் என்று நினைத்துப் பயந்து சிமெண்டு அடைக்கிறார்கள். இரண்டு கட்டடமும் தனித்தனியாக அசையும், அதை அசையவிடுங்கள்.

கூரையில் இருப்பதும் கல்தான். மெலிதாகப் பிளந்த மணற்கல் பலகைகள். அடிவரிசையில் பெரியவை, முகட்டுக்குப் போகப் போகச் சின்னவை. காட்ஸ்வோல்ட்ஸ் கூரை செங்குத்தாக நிற்கும், இங்கே சாய்வு குறைவு. கல் பெரிது, கனம் அதிகம், செங்குத்தாக வைத்தால் வழுக்கி இறங்கிவிடும். ஒவ்வொரு பலகையும் ஒரு மரமுளையில் தொங்குகிறது, முளை வரிச்சில் மாட்டியிருக்கிறது. கல் கெடுவது அரிது, முளைதான் மட்கும். ஆகவே கூரை ஒழுகினால் 'கல் போய்விட்டது, கான்கிரீட் ஓடு போடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; அதே கல்லை இறக்கிப் புது முளை போட்டு ஏற்றலாம். இறக்கி வைத்த கல்லை ராத்திரி வெளியே அடுக்கி வைக்காதீர்கள். யார்க்ஷயர் பலகைக்கல்லுக்கு நல்ல விலை, திருடு போகிறது. களஞ்சியக் கூரைக்கு நாங்கள் ஒரு வருஷம் காத்திருந்தோம், உள்ளே வௌவால் குடியிருந்தது. இங்கே எல்லா வகை வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை எப்போது தங்குகின்றன, எப்போது போகின்றன என்று கணக்கெடுத்த பிறகுதான் கூரையில் கை வைக்கலாம். கூரை வேலை இருக்கும் வீட்டை வாங்கினால் அந்த ஒரு வருஷத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்த வீட்டைக் காலையில் அரைமணி, சாயங்காலம் ஒருமணி என்று சூடாக்க முடியாது. கனமான சுவர் சூடாக நாளாகும், சூடானபின் விடவும் நாளாகும். குறைந்த சூட்டில் நாள் முழுக்க வைத்திருப்பதுதான் எங்களுக்குச் சரிப்பட்டது. அடைத்து வைத்திருந்த புகைபோக்கியை மறுபடி திறந்தோம். உள்ளே ஜாக்டா காக்கைகள் வருஷக்கணக்கில் சேர்த்த சுள்ளி பதினொரு மூட்டை வந்தது. இப்போது உச்சியில் காற்றுப் போகிற மூடி வைத்திருக்கிறோம். சமையலறையில் கொதிக்கும் ஆவி போக வழி கிடைத்ததும் ஜன்னல் தண்டுகளில் வியர்ப்பது குறைந்துவிட்டது.

வடக்குச் சுவர் முழுக்கக் காய ஒன்றரை வருஷம் பிடித்தது. முதல் ஆறு மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. உப்பு மட்டும் பூத்துக்கொண்டே இருந்தது; மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து முறத்தில் வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தேன். கழுவக் கூடாது, கழுவினால் மறுபடி உள்ளே போய்விடும். அடுத்த கோடையில் பூப்பது நின்றது. ரோமம் கலந்த சுண்ணாம்புப் பூச்சு போட்டு, தண்ணீராகக் கரைத்த வெள்ளைச் சுண்ணாம்பை நாலு கை அடித்தோம். பூசும்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், காயக் காய வெளுக்கும். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். "அஞ்சாவது கை அடி, அப்பத்தான் நிக்கும்" என்றார். அடித்தேன்.

மேற்குச் சுவர் இன்னும் பாக்கி இருக்கிறது. அதில்தான் சிமெண்டு அதிகம். மே மாதம் சாரம் கட்டித் தருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார், இந்தமுறை அவருடைய பேத்தியும் வேலை பழக வருகிறாள். மணல் வந்துவிட்டது. சணல் சாக்குகளை அலசித் தொழுவத்தில் காயப் போட்டிருக்கிறேன்.